உப்பு கேட்கக் கூடாத மேஜை

அத்தியாயம் ஒன்பது

சாவிக்கொத்து கிடைத்துவிட்டது.

போன வாரம் அதைத் தேடுகிறேன் பேர்வழி என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டி, மருமகளின் துணி அலமாரிக்குள்ளும் கையை விட்ட அத்தையை அப்படியே நிறுத்திவிட்டு வந்தோம் அல்லவா? கொத்து அரிசி டின்னுக்குள் கிடந்தது. அவளே அரிசி அள்ளும்போது தவறவிட்டிருக்கிறாள். மருமகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். "நல்லவேளை கிடைச்சுது" என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த இடுப்பைக் கேட்காமல் அங்கே எதுவும் திறக்காது. வெளிக் கேட்டு, சபை மண்டபம், மளிகை அலமாரி, காலமான மாமனாரின் புத்தக அறை எல்லாம் அந்த ஒரே கொத்தில் இருந்தன.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. நம் கதாநாயகி ஒரு போதகரின் மனைவி. சபையார் அவளைச் சின்னம்மா என்பார்கள், அத்தையைப் பெரியம்மா என்பார்கள். வேதாகமக் கல்லூரியில் படித்தபோது விடியற்காலையில் மணியடித்து விடுதியை எழுப்புகிற வேலை அவளுடையது. அதனால் அங்கே அவள் பெயர் மணிக்காரி. இப்போது போதகராக இருக்கிற அவனும் அதே வகுப்பு. படிப்பு முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே விடுதிப் பொறுப்பாளர்களாக இருந்துவிடலாம் என்று இருவரும் கோட்டை கட்டியிருந்தார்கள். கல்யாணமான கையோடு மாமனார் கண்ணை மூடினார். அவர் நின்ற பிரசங்க பீடம் காலியானது. ஒரே மகன் என்பதால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இந்த வீட்டில் மணிக்காரி என்று யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவன்கூட. நாமாவது கூப்பிடுவோம்.

சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சமையலறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று முற்றத்துக்கு, இன்னொன்று நேரே சபை மண்டபத்துக்கு. இரண்டு வழியாகவும் ஆட்கள் வருவார்கள். தண்ணீர் வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், ஒன்றும் வேண்டாம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருவார்கள். வந்த புதிதில் அவள் ஜன்னலுக்கு ஒரு நீலத் திரை தைத்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் அந்தத் திரையைப் பற்றிச் சபையில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. அத்தை அதைக் கழற்றி மடித்துவைத்தாள். "போதகர் வீட்டு ஜன்னல் மூடியிருந்தா நல்லா இருக்காதும்மா."

ஆக, ஜன்னல் திறந்திருந்தது. வெளிக் கேட்டு பூட்டியிருந்தது. இதைப் பற்றி அவள் பலமுறை யோசித்திருக்கிறாள், சிரிப்புத்தான் வரும். உள்ளே பார்க்க ஊருக்கே உரிமை, வெளியே போக மட்டும் சாவி வேண்டும்.

போன் அடித்தது. ரேடியோ.

ரேடியோ அவளுடைய விடுதி அறைத்தோழி. தூக்கத்திலும் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடி?" என்று ஆரம்பித்தாள், வணக்கம் கூடச் சொல்லாமல். "வரலேன்னு எப்படிச் சொல்ல முடிஞ்சுது உனக்கு?"

"எங்க வரல?"

மறுமுனையில் சத்தமே இல்லை. ரேடியோ வாயடைத்துப் போவது சாதாரண விஷயமில்லை. மணிக்காரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவர் உங்கிட்ட சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லல?"

"காலேஜ மூடறாங்கடி. இன்னிக்குச் சாயங்காலச் சாப்பாடுதான் கடைசி. நம்ம பேட்ச் மொத்தமும் போறோம். போன வாரமே உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன், அவர்தான் எடுத்தார். ரெண்டு பேருமே வர முடியாதுன்னுட்டார்."

"மூடறாங்களா? ஏன்?"

"பசங்க சேரல. இனிமே பாடமெல்லாம் போன்லதானாம். வீட்டுல இருந்துக்கிட்டே போதகர் ஆயிடலாமாம். நம்ம மேஜைய ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் வாங்கிட்டார். நாளைக்குக் காலைல லாரி வருது."

"நீளமா ஒண்ணு இருக்குமே, அந்த மேஜையா?"

"அங்க வேற எது இருந்துது? அறுத்து ரெண்டாக்கித்தான் வெளிய எடுக்க முடியுமாம், கதவு பத்தாது." ரேடியோ மூச்சுவிடாமல் தொடர்ந்தாள். "மூணு மணி வாக்கில வேன் உங்க தெருவழியாத்தான் வருது. கேட்டுக்கிட்ட நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்றேன். வந்தா ஏறிக்க. வரலேன்னா, நான் உன்ன மன்னிச்சிடுவேன், ஆனா கொஞ்ச நாள் ஆகும்."

அவன் ஒரு வாரமாக மூடி மறைத்திருக்கிறான். ஒரே கூரையின் கீழ், ஒரே படுக்கையில் இருந்துகொண்டு. மணிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீன்ஸை எப்போது அடுப்பில் போட்டாள், எப்போது இறக்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் மேலே போக முடியாது.

கல்லூரிச் சாப்பாட்டு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மேஜை. முதல்வரிலிருந்து தோட்ட வேலை செய்கிறவர் வரை அதில்தான் உட்கார வேண்டும். அந்த மேஜைக்கு ஒரே ஒரு சட்டம். தனக்காக எதையும் கேட்கக் கூடாது. உப்போ தண்ணீரோ இன்னொரு கரண்டி சோறோ, எது வேண்டுமானாலும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உன் தட்டைப் பார்த்து நகர்த்த வேண்டும். நீ அவர் தட்டைப் பார்த்து நகர்த்த வேண்டும். யார் போட்ட சட்டமோ, எழுதிவைத்ததாகக்கூட இல்லை.

சேர்ந்த புதிதில் மணிக்காரி அந்தச் சட்டத்தை வாயாரத் திட்டினாள். அவள் பக்கத்தில் வாய்த்தது, ஜெபம் முடிந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுகிற ஒரு சீனியர். அந்த அம்மாள் எங்கே இவள் தட்டைப் பார்ப்பது? உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு, குளியலறையில் போய் அழுதாள். "இது காலேஜா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று ரேடியோவிடம் கேட்டாள்.

அப்புறம் இடம் மாற்றினார்கள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு முட்டை. அவள் நினைப்பதற்கு முன்னாலேயே உப்புக் கிண்ணம் அவள் கையருகே வந்து நின்றது. முட்டைக்கு மட்டும் அவள் உப்பு அதிகம் போட்டுக்கொள்வாள் என்பது அவளுக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அங்கே ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கடைசி வருஷம் ஒருநாள் அவன் மேஜையில் வைத்து மெதுவாக, "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். "மேஜையில எதையும் கேக்கக் கூடாது பிரதர்" என்றாள் அவள். அவன் எழுந்து, கை கழுவுகிற குழாயடிக்குப் போய் நின்றுகொண்டு கேட்டான். பிரதரும் சிஸ்டரும் கல்யாணம் செய்துகொண்ட கதையைச் சொல்லிச் சொல்லி ரேடியோ இன்றைக்கும் சிரிப்பாள்.

அது ஒன்றும் சொர்க்கமில்லை. குளிக்க வரிசை, காணாமல் போகிற சோப்பு, கோஷ்டி, குறட்டை எல்லாம் உண்டு. பிரசங்கப் பயிற்சியில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டியதற்காக ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் இருந்தார்கள். அப்போதும் ஒருவருக்கொருவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். மேஜையில் பழகியது மேஜையோடு நிற்கவில்லை. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த அன்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாலையில் அறைக்கு வந்தால், படுக்கையின் மேல் ஊருக்கு டிக்கெட் இருந்தது. துணிகூட மடித்துவைத்திருந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தச் சட்டத்தை அவள் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தப்பு அங்கேதான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதையுமே கேட்டதில்லை. திரையைக் கழற்றியபோது கேட்கவில்லை. ஒருநாள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வரச் சாவி கேட்கவில்லை. அவன் பார்ப்பான், பார்த்து நகர்த்துவான் என்று காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள், ஆனால் திரையைப் பார்த்தார்கள், துணிக்கொடியைப் பார்த்தார்கள். தட்டைப் பார்க்கிற ஆள் அங்கே இல்லை.

அத்தைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"அந்தச் சோத்த இப்படித் தள்ளு. தண்ணி ஊத்து. ஃபேனக் கொஞ்சம் குறை. அந்த ஊறுகா பாட்டில் உன் கைக்கிட்டயேதான இருக்கு, எடுத்துக் குடுத்தா என்ன?"

மதியச் சாப்பாடு இப்படித்தான் தொடங்கியது. மேஜையில் மூன்று பேர். மணிக்காரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வான், இந்தக் கவளம் முடிந்ததும் சொல்வான் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

அத்தை முதல் வாயை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா இது? பீன்ஸ்ல உப்பே போடலையே! மண்ணத் தின்ன மாதிரி இருக்கு."

மணிக்காரிக்குத் தூக்கி வாரிப் போட்டது. உப்பு போடாததற்காக இல்லை. அவன் தட்டைப் பார்த்தாள். பாதி பீன்ஸ் காலியாகியிருந்தது. உப்பில்லாத பீன்ஸை வாயைத் திறக்காமல் தின்றுகொண்டிருந்தான்.

உப்புக் கிண்ணம் அவள் கையருகில்தான் இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். தள்ளவில்லை. அவ்வளவு கோபம். ஒரு வாரம் மறைத்தாய் அல்லவா, தின்னு என்று நினைத்தாள்.

அவன் நிமிர்ந்து கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடியும் குனிந்துகொண்டு மீதியைத் தின்றான்.

அத்தைதான் எட்டிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். "கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? நல்ல ஜோடிடா நீங்க ரெண்டு பேரும்!"

சாப்பிட்டதும் அவன் அப்பாவின் புத்தக அறைக்குள் போனான். அவள் பின்னாலேயே போனாள். அங்கேயும் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அத்தை கேட்டைத் திறந்துவிட, பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு ஆட்கள் முற்றத்தில் வரத் தொடங்கியிருந்தார்கள். சண்டையைக் கிசுகிசுவென்றுதான் போட வேண்டியிருந்தது.

"ரேடியோ போன் பண்ணினா."

அவன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான்.

"நான் வரலேன்னு நீங்களே எப்படிச் சொல்லலாம்?"

கல்லூரியில் நிச்சயமான பிறகு வா, போ என்றுதான் பேசிக்கொண்டார்கள். இங்கே வந்ததும் அத்தை காதில் விழக் கூடாதே என்று அவள் வாங்க, போங்க என்று மாற்றிக்கொண்டாள். அத்தை இல்லாத இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கடை திறக்கறார்," என்றான். "நான்தான் ஜெபிக்கணும். சபைக் கமிட்டித் தலைவரே அவர்தான், அவர் கடைக்கு நான் போகலேன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"நான் உங்களக் கேக்கல. என்னப் பத்திக் கேக்கறேன்."

ஜன்னலோரம் ஒரு தலை தெரிந்தது. "ஸ்தோத்திரம் பாஸ்டர்!"

"ஸ்தோத்திரம்மா," என்று இருவரும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டினார்கள். தலை நகர்ந்தது. சிரிப்பும் நகர்ந்தது.

"நீ போனா திரும்பி வர மாட்டேன்னு பயந்தேன்," என்றான் அவன். "போதுமா?"

அவள் விடவில்லை. "வந்த நாளா நான் எதையாவது கேட்டிருக்கேனா? நீங்களாப் பாப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"என்னை யார் பாத்தா?"

கிசுகிசுப்பாகத்தான் சொன்னான். ஆனால் அவன் கண்கள் சிவந்துவிட்டன.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பீடத்துல ஏறறேன். அப்பா மாதிரி இல்லன்னு ஒவ்வொரு முகத்துலயும் எழுதியிருக்கு. இறங்கி வந்தா, மைக் சத்தம் கம்மின்னு சொல்றாங்க. அங்க இருந்தப்போ எனக்கு ஒரு நாள் முகம் வாடினா நாலு பேர் கதவத் தட்டுவாங்க. இங்க நான் ராஜா மாதிரி இருக்கேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. நீயாவது பாப்பேன்னு நானும்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு உப்புக் கிண்ணம் உன் கைக்கிட்ட இருந்துது. பாத்துட்டே இருந்த."

இரண்டு பேரும் ஒரே சட்டத்தைக் கடைப்பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் பட்டினி கிடந்திருக்கிறார்கள். ஐம்பது பேர் சேர்ந்து கடைப்பிடித்தபோது யாரும் பசித்து எழுந்ததில்லை. இருவர் மட்டும் கடைப்பிடித்தால் இப்படித்தான் ஆகுமோ?

"சின்னம்மா, கூட்டத்துக்கு நேரமாச்சு!" என்று மண்டபத்திலிருந்து குரல் வந்தது.

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ போ," என்றான். கூட்டத்துக்கா, கல்லூரிக்கா என்று அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லையே.

பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துவது போதகர் மனைவியின் பொறுப்பு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக விண்ணப்பம் சொல்வார்கள். முழங்கால் வலி. மகனின் விசா. வரன் அமையாத பெண். மாடியில் குடியிருந்துகொண்டு காலி செய்ய மாட்டேன் என்கிற ஆள். எல்லாவற்றையும் அவள் கேட்டு, நினைவில் வைத்து, ஒன்றுவிடாமல் ஜெபிக்க வேண்டும். வந்த நாளிலிருந்து அவள் விண்ணப்பம் என்ன என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. போதகர் வீட்டில் குறை இருக்க முடியுமா?

முன்வரிசையில் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி, இன்றைக்குப் புதுக் கடை என்பதால் பளபளவென்று. பெஞ்சின் இந்த ஓரத்தில், மணிக்காரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அத்தை. அத்தைக்கு ஜெபத்தில் கண்ணை மூடுகிற வழக்கம் கிடையாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தூங்குகிறார்கள் என்று யாராவது பார்க்க வேண்டுமே.

"வேற விண்ணப்பம் இருக்கா?" என்று கேட்டாள் கடைக்கார அம்மாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு ஒண்ணு இருக்கு," என்றாள் மணிக்காரி.

கடைக்கார அம்மாள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அந்த மேஜையில் எச்சில் தட்டோடு எழுந்து நின்று உப்பு வேண்டும் என்று கத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு.

"நாங்க படிச்ச காலேஜ இன்னியோட மூடறாங்க. எங்க கூடப் படிச்சவங்க எல்லாரும் வராங்க. நான் போகணும். அவரும் வரணும். சாயங்காலம் கடை ஜெபத்த நாளைக்கு வெச்சுக்க முடியுமான்னு உங்ககிட்ட கேக்கறேன்."

கேட்டுவிட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்கார அம்மாளின் உதடு ஒருமுறை கோணி, பிறகு இனிப்பாக விரிந்தது.

"அதுக்கென்னம்மா," என்றாள். "ஜெபிச்சுக்கலாம்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சபைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும்: முடியாது என்று அர்த்தம்.

கடைக்கார அம்மாள் எழுந்து வந்து மணிக்காரியின் தலைமேல் கையை வைத்தாள். கனமான கை, மோதிரங்கள் வேறு. மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே! இந்தப் பிள்ளையோட மனசு அலைபாயுது, பாரும். பழசையே நினைச்சு ஏங்குது. இந்த வீட்டையே இதுக்குப் போதுமாக்கும். இந்த நாலு சுவத்துக்குள்ளயே இதுக்குச் சமாதானத்தைத் தாரும்..."

"ஆமென்," என்றது கூட்டம்.

தெருவில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது. மணிக்காரி தலையை அசைத்தாள். கை இன்னும் அழுத்தியது. ஜெபம் நீண்டுகொண்டே போனது. கடைக்காரருக்காக, கடைக்காக, கடையின் கண்ணாடி ஷெல்ஃபுகளுக்காகக்கூட ஜெபித்தார்கள். ஜெபத்தின் நடுவே போதகர் மனைவி விட்டுவிட்டு ஓட முடியுமா? ஹாரன் மறுபடியும் அடித்தது. இப்படியே, இந்தக் கையின் கீழேயே, கிழவியாகிச் செத்துப்போய்விடுவோம் என்று நிஜமாகவே அவளுக்குத் தோன்றியது.

கண்ணைத் திறந்தாள்.

எதிரே அத்தையின் கண்களும் திறந்திருந்தன. அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ தெரியவில்லை. திட்டுகிற பார்வையாகவும் இல்லை, இரங்குகிற பார்வையாகவும் இல்லை.

அத்தை இடுப்பில் கையை விட்டாள். சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் உருவி பெஞ்சின் மேல் வைத்தாள். ஒரு விரலால் அதை மெல்ல மணிக்காரியின் பக்கம் நகர்த்தினாள்.

அந்த மேஜையைப் பற்றி அத்தைக்கு ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

மணிக்காரி சாவியை எடுத்துக்கொண்டு, தலைமேல் இருந்த கையின் அடியிலிருந்து குனிந்து நழுவினாள். கடைக்கார அம்மாளின் கை ஒரு கணம் அந்தரத்தில் தடவியது. அதே நொடியில் அத்தை, ஜெபம் முடிவதற்குள்ளேயே, உச்சக் குரலில் ஒரு பாட்டை எடுத்தாள். சபைக்கே தெரியும், அத்தைக்கும் ராகத்துக்கும் ஆகாது. வேறு வழியில்லாமல் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டே சேர்ந்து பாடினார்கள்.

கேட்டின் உள்பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான், தோளில் வேதாகமப் பையோடு. கடைக்காரரின் கார் வரும், ஏறிப் போக வேண்டும். ஆனால் கூட்டம் தொடங்கியதும் அத்தை கேட்டைப் பூட்டிவிடுவாள், போதகருக்கே கேட்டுச் சாவி கிடையாது. கம்பிக்கு வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, "மணிக்காரி! ஏய் மணிக்காரி!" என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

அவன் அவள் கையிலிருந்த கொத்தைப் பார்த்தான். "அம்மா குடுத்தாங்களா?"

"நகர்த்தினாங்க," என்றாள்.

அவன் முகம் மாறிவிட்டது.

அவள் பூட்டைத் திறந்தாள். கேட்டைத் தள்ளினாள். பிறகு திரும்பி நின்று சொன்னாள். "எனக்கு நீ வேணும். கேட்டே கேக்கறேன். வா."

அவன் மண்டபத்தைப் பார்த்தான். தெருமுனையில் கடைக்காரரின் கார் திரும்புவதும் தெரிந்தது. "நாளைக்கு அந்தப் பீடத்துல யார் நிப்பா?" என்றான். விதண்டாவாதமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் சொல்லேன் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

ரேடியோ கையைப் பிடித்து அவளை வேனுக்குள் இழுத்துக்கொண்டாள். மணிக்காரி உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டாள். வேனில் இருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அந்த மேஜையில் சாப்பிட்டவர்கள் அல்லவா, யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவன் வந்தான். படியில் ஒரு காலை வைத்தான். அவளுக்கு உயிர் வந்தது.

தோளிலிருந்த பையைக் கழற்றி, அந்தக் காலி இடத்தில் வைத்தான். காலை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல எனக்கு இது வேணும்," என்றான். "எனக்கு வேணும், மணிக்காரி. நீதான் கொண்டு வரணும்."

அவன் கதவைச் சாத்தினான். வேன் நகர்ந்தது. கடைக்காரரின் கார் அவன் பக்கத்தில் வந்து நிற்பதும், கையில் ஒன்றுமில்லாமல் அவன் அதில் ஏறுவதும் பின்கண்ணாடியில் தெரிந்தன. வேதாகமம் இல்லாமல் கடையில் போய் என்ன செய்யப் போகிறான்?

அவனை விட்டுவிட்டு வந்தது அவளுக்குத் தாங்கவில்லை. அதே நேரத்தில், அந்த வாசலை இனி மிதிக்கவே கூடாது என்றும் இருந்தது. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்.

உள்ளங்கையில் ஏதோ குத்தியது. விரித்துப் பார்த்தாள். கேட்டு, மண்டபம், மளிகை அலமாரி, புத்தக அறை. கொத்து முழுவதும் அவளோடு வந்துவிட்டிருந்தது. அத்தை கேட்டுச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? போய்விட்டு வா என்றா, இனி இதெல்லாம் உன்னுடையது என்றா, அல்லது அவசரத்தில் தோன்றவில்லையா?

"ராத்திரி எங்கூடவே தங்கிடேண்டி," என்றாள் ரேடியோ. "நாளைக்குக் காலைல லாரி வரவரைக்கும் இருக்கலாம். என்ன சொல்ற?"

மணிக்காரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாவிக்கொத்தை விரல்களுக்குள் மூடினாள். ஒரு வழியாக வெளியே வந்தாயிற்று, ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் நிறைந்திருந்தன.